மெட்டல் வாசிக்க அடுத்த கிட்டார்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நண்பர்களின் கிட்டாருக்குக் கம்பி மாற்றி, நெக்கைச் சரிசெய்து கொடுப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். கிட்டாரை வாங்கிப் போக வருகிறவர்கள் போகிறபோக்கில் ஒரு சந்தேகத்தையும் கேட்பார்கள். பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். முதல் கிட்டாரில் ஒன்றிரண்டு வருடம் ஓட்டிவிட்டு, ஹார்ட் ராக், மெட்டல் பக்கம் தீவிரமாக இறங்க நினைப்பவர்கள் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டுவிட்டேன்.

என்கிட்ட இருக்கிறது பிகினர் கிட்டார்தான். மெட்டல் வாசிக்க புதுசு வாங்கித்தான் ஆகணுமா?

அவசரப்பட வேண்டாம். "இந்த கிட்டார் டியூனிங்கே நிற்காது, தூக்கிப் போடலாம்" என்று சொல்லி ஒருவர் தன் கிட்டாரைக் கொண்டுவந்தார். டியூனரைத் திருகும்போது மூன்றாவது கம்பி நட்டில் (நெக்கின் தலைப்பக்கத்தில் கம்பிகள் உட்காரும் பள்ளமிட்ட சின்னத் துண்டு) சிக்கி, "டிக்" என்ற சத்தத்தோடு ஒரேயடியாகத் தாவியது. நட்டின் பள்ளத்தில் பென்சிலைத் தேய்த்துக் கரியை விட்டேன். புதுக் கம்பி போட்டு, நன்றாக இழுத்துவிட்டுத் திரும்ப டியூன் செய்தேன். அதே கிட்டாரை அவர் இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் வாசித்தார்.

புதிது வாங்க நியாயமான காரணங்கள் வேறு. ஃப்ரெட்டுகள் (நெக்கின்மேல் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) தேய்ந்து, சரிசெய்த பிறகும் கம்பி அதிர்ந்து இரைவது. மேல் ஃப்ரெட்டுகளில் பெண்ட் செய்தால் (கம்பியை விரலால் பக்கவாட்டில் தள்ளிச் சுரத்தை ஏற்றினால்) சுரம் பாதியில் செத்துப்போவது. டியூனர், பிரிட்ஜ் (உடல் பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) இரண்டும் ஆட்டம் கண்டுவிட்டது. நீங்கள் வாசிக்க விரும்பும் டியூனிங்குக்கு அந்த கிட்டார் அளவிலேயே ஒத்துவராதது. "சவுண்டு கனமாக இல்லை" என்பது மட்டும்தான் குறை என்றால், பெரும்பாலும் குற்றவாளி ஆம்ப் (ஒலிபெருக்கி). அதைக் கடைசியில் பார்ப்போம்.

ஹம்பக்கர் இல்லாம மெட்டல் வாசிக்கவே முடியாதா?

முடியும், ஆனால் இரைச்சலோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்குவது பிக்கப். அதில் சிங்கிள் காயில் என்பது காந்தத்தைச் சுற்றிய ஒரே ஒரு கம்பிச் சுருள். கம்பியின் அதிர்வோடு சேர்த்து, சுற்றியுள்ள மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் முணுமுணுப்பையும் அது பிடித்துக்கொள்ளும். கெயினை, அதாவது ஆம்பில் ஒலியைச் சிதைத்துக் கனமாக்கும் அளவை, கூட்டினால் அந்த முணுமுணுப்பும் சேர்ந்து பெரிதாகும். ஹம்பக்கரில் இரண்டு சுருள்கள். காந்த முனையும் சுற்றிய திசையும் ஒன்றுக்கொன்று எதிர். அதனால் கம்பியின் ஒலி கூடுகிறது, வெளியிலிருந்து வரும் ஹம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைகிறது. கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அன்று அவர் நோக்கம் இரைச்சலைக் குறைப்பது மட்டும்தான். கனமான ஒலி கூடவே வந்த லாபம்.

பிளாக் சாபத்தின் டோனி அயோமி தொடக்க காலத்தில் வாசித்த கிப்சன் எஸ்ஜி கிட்டாரில் இருந்தவை பி-90 வகை சிங்கிள் காயில்கள்தான். எனவே "முடியாது" என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் புதிதாக வாங்கும்போது பிரிட்ஜ் பக்கமாவது ஒரு ஹம்பக்கர் இருக்கட்டும். நெக் பக்கம் எது இருந்தாலும் சமாளிக்கலாம்.

ஆக்டிவ் பிக்கப்பா, பேசிவா? ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் ஆளுக்கொண்ணு சொல்றாங்க.

பேசிவ் பிக்கப்புக்குக் காந்தமும் சுருளும் போதும். ஆக்டிவ் வகையில் சுருளின் சுற்று குறைவு, அதற்குள்ளேயே ஒரு சின்ன ப்ரீஆம்ப் (சமிக்ஞையைப் பெருக்கும் மின்னணுப் பாகம்) உட்கார்ந்திருக்கும். அதற்கு 9 வோல்ட் பேட்டரி வேண்டும். இரைச்சல் மிகக் குறைவு. அடி மென்மையாக விழுந்தாலும் வலுவாக விழுந்தாலும் ஒலி ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வரும். வேகமாக பாம் மியூட் (உள்ளங்கையால் கம்பியை அடக்கி) அடிக்கும்போது ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கும். மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட், சாக் வைல்ட் போன்றவர்களால் இஎம்ஜி 81 என்ற ஆக்டிவ் பிக்கப் பிரபலமானது இதனால்தான்.

பாதகமும் அதே குணத்தில்தான் இருக்கிறது. வால்யூம் குமிழைக் குறைத்து ஒலியைச் சுத்தமாக்குவது, விரலின் அழுத்தத்தால் குணம் மாற்றுவது, இதெல்லாம் நல்ல பேசிவ் பிக்கப்பில் இன்னும் உயிரோடு இருக்கும். ப்ளூஸ் வாடை அடிக்கும் ஹார்ட் ராக் உங்கள் பாதி நேரத்தை எடுத்துக்கொண்டால் பேசிவ். நாள் முழுக்க த்ராஷ் (அதிவேக மெட்டல்) என்றால் ஆக்டிவ். ஆக்டிவ் வாங்குபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: கேபிளைச் செருகினாலே பேட்டரி ஓடத் தொடங்கிவிடும். வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். பேட்டரியை மாற்றப் பின்மூடியின் திருகுகளைக் கழற்ற வேண்டுமா, விரலால் திறக்கும் சின்னப் பெட்டி இருக்கிறதா என்பதையும் வாங்கும்போதே பாருங்கள்.

பிக்கப்புல 16 கே ஓம்னு போட்டிருக்கு. நம்பர் பெருசா இருந்தா பவரும் அதிகம்தானே?

இல்லை. அது சுருளின் மின்தடை. மெல்லிய கம்பியைச் சுற்றினாலே மின்தடை ஏறிவிடும். காந்தம் எது, சுற்று எத்தனை என்பதெல்லாம் அந்த எண்ணில் தெரியாது. ஒரே நிறுவனத்தின், ஒரே வகைப் பிக்கப்புகளை ஒப்பிட மட்டும் கொஞ்சம் உதவும். ஆக்டிவ் பிக்கப்புக்கு இந்த எண்ணே பொருந்தாது. இன்னொன்று, டியூனிங் கீழே போகப் போக அளவுக்கு மீறிச் சூடான (சமிக்ஞை வலுத்த) பிக்கப் ஒலியைச் சேறாக்கிவிடும்.

எந்த வடிவம் வாங்கலாம்? எனக்கு வி ஷேப் மேல ஒரு கண்ணு.

ஆசைப்பட்டதை வாங்குங்கள். சுவரில் மாட்டியிருக்கும்போதே எடுக்கத் தூண்டும் கிட்டாரைத்தான் மனிதன் தினமும் வாசிக்கிறான். ஃப்ளையிங் வி, எக்ஸ்ப்ளோரர் இரண்டையும் கிப்சன் கொண்டுவந்தது 1958இல். அப்போது ஹெவி மெட்டல் என்ற ஒன்றே கிடையாது. அன்று அவை போணியாகவில்லை, சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். பின்னால் வந்த மெட்டல்காரர்கள்தான் அவற்றுக்கு வாழ்வு கொடுத்தார்கள்.

ஆனால் வாங்குமுன் உட்கார்ந்து ஒரு முறை, நின்று ஒரு முறை வாசியுங்கள். வி வடிவம் தொடையில் வழுக்கும். இரு கால்களுக்கு நடுவே கிளாசிக்கல் பாணியில் வைத்தால் நிற்கும், சிலருக்கு அதுவே பிடித்தும் போகிறது. எஸ்ஜி வகையில் பாடி லேசு, அதனால் கையை எடுத்தால் நெக் கீழே சாயும். அகலமான, உள்பக்கம் சொரசொரப்பான ஸ்ட்ராப் போட்டால் பாதி சரியாகும். லெஸ் பால் வகை 4 கிலோவைத் தாண்டுவது சகஜம். இரண்டு மணி நேரம் நின்று வாசித்த பிறகு உங்கள் தோள்பட்டை கருத்துச் சொல்லும். ஃபெண்டரின் ஸ்ட்ராட் போன்ற உடலில் ஹம்பக்கரும் மெல்லிய நெக்கும் வைத்த சூப்பர்ஸ்ட்ராட் பார்வைக்குச் சாதாரணம், ஆனால் உடம்போடு ஒட்டுவது அதுதான். ஸ்ட்ராட் வகை உடலில் கிப்சன் ஹம்பக்கரைச் செருகி எட்டி வான் ஹேலன் காட்டிய வழி அது.

ஸ்கேல் நீளம் 24.75, 25.5னு எழுதியிருக்காங்களே, முக்கால் அங்குலத்துல என்ன வந்துடப்போகுது?

நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே கம்பி அதிரும் நீளம்தான் ஸ்கேல். கிப்சன் வகைகள் 24.75 அங்குலம், ஃபெண்டர் வகைகள் 25.5. ஒரே கம்பி, ஒரே சுரம் என்றால் 25.5இல் இறுக்கம் சுமார் 6 சதவீதம் அதிகம். 27 அங்குலத்துக்குப் போனால் அதற்கும் மேல் 12 சதவீதம். வழக்கமான டியூனிங்கில் இது ரசனைக்கு விட்ட விஷயம். குட்டை ஸ்கேலில் பெண்ட் சுலபம், விரல் எட்டுவதும் சுலபம். டியூனிங்கை இறக்கினால் கதை மாறும்.

அதனால்தான் யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது "என்ன கிட்டார் வேண்டும்" என்று அல்ல. "எந்த டியூனிங்கில் வாசிக்கிறீர்கள்?" பாதிப் பேர் அதைப் பற்றி யோசித்தே இருப்பதில்லை. உங்களுக்குப் பிடித்த பத்துப் பாட்டை எடுத்து டியூனிங்கை எழுதிப் பாருங்கள். கிட்டார் பட்டியலில் முக்கால்வாசி தானாகவே கழிந்துவிடும்.

நான் டிராப் சி-யில வாசிக்கிறேன். கம்பி தொளதொளன்னு கிடக்கு, ரிஃப் எல்லாம் கொழகொழங்குது. கிட்டார் மோசமா?

கிட்டார் மோசமில்லை, கம்பி மெல்லிசு. வழக்கமான (ஸ்டாண்டர்ட்) டியூனிங்கில் தடித்த ஆறாவது கம்பி ஈ சுரம். அதை மட்டும் டி-க்கு இறக்கினால் டிராப் டி. எல்லாக் கம்பிகளையும் இறக்கி, ஆறாவது சி வரை போனால் டிராப் சி, பி வரை போனால் டிராப் பி. கம்பியின் இறுக்கம் அதிர்வெண்ணின் இருமடிக்கு ஏற்ப மாறும். ஆறாவது கம்பியை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்கினால் சுமார் 20 சதவீத இறுக்கம் போய்விடும். சி-க்கு இறக்கினால் 37 சதவீதம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தளர்ந்த கம்பி கொழகொழக்காமல் என்ன செய்யும்?

ஈடுகட்டக் கம்பியைத் தடிமனாக்குங்கள். வழக்கமான 10-46 செட்டில் ஆறாவது கம்பி 46 (எண்கள் தடிமனைக் குறிப்பவை, அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). டி-யில் 52 போட்டால் ஈ-யில் 46 கொடுத்த அதே இறுக்கம் ஏறக்குறைய அப்படியே திரும்பிவிடும். சி-க்கு 56 முதல் 60 வரை. தடித்த கம்பி நட்டின் பழைய பள்ளத்தில் இறங்காது, அதனால் பள்ளத்தைக் கொஞ்சம் அரத்தால் அகலமாக்க வேண்டும். பழக்கமில்லாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஆழமாகிவிட்டால் நட்டையே மாற்ற வேண்டியதுதான். பிறகு நெக் வளைவையும் இன்டொனேஷனையும் (எல்லா ஃப்ரெட்டிலும் சுரம் சரியாக விழுவதை) திரும்பச் சரிபார்க்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. அயோமிக்கு ஒரு தொழிற்சாலை விபத்தில் விரல் நுனிகள் போயின. கம்பி விரலுக்கு லேசாக இருக்கட்டும் என்று மெல்லிய கம்பிகளைப் போட்டார், 1971இல் வந்த ஆல்பத்தில் டியூனிங்கையும் சி ஷார்ப் வரை இறக்கினார். அவர் தேடியது தொளதொளப்பை. அவர் வழியில் வந்த நாமோ அதே தொளதொளப்பை எடுக்கத் தடித்த கம்பி வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

ஃப்ளாய்ட் ரோஸ் இருந்தாதானே அசல் மெட்டல் கிட்டார்?

நானும் அப்படித்தான் நினைத்து வாங்கினேன். ஃப்ளாய்ட் ரோஸ் என்பது பார் என்ற கைப்பிடியால் அசைக்கும் பிரிட்ஜ். அது கம்பியை நட்டிலும் பிரிட்ஜிலும் இரண்டு இடத்தில் பூட்டிவிடும். அதனால் பாரை எவ்வளவு அமுக்கினாலும் விட்டவுடன் சுரம் சரியாகத் திரும்பும். பிரிட்ஜ் உடம்பில் இரண்டு தூண்கள்மீது கத்திமுனை போன்ற விளிம்பில் நிற்கிறது. முன்பக்கம் கம்பிகள் இழுக்க, பின்பக்கம் ஸ்பிரிங்குகள் இழுக்க, நடுவே தராசு போல் மிதக்கிறது.

தராசில் ஒரு எடைக்கல் போனால் என்ன ஆகும்? மேடையில் இரண்டாவது பாட்டில் என் மூன்றாவது கம்பி அறுந்தது. ஸ்பிரிங்குகள் ஜெயித்து பிரிட்ஜைப் பின்னால் இழுக்க, மீதி ஐந்து கம்பிகளும் சுரம் ஏறிவிட்டன. கையில் ஆலன் சாவி, எதிரே கூட்டம். ட்ரம்ஸ்காரர் தனியாக வாசித்து நேரத்தை ஓட்டினார்.

டைவ் பாம் (பாரை அமுக்கிச் சுரத்தைப் பாதாளத்துக்கு இறக்குவது), அலறும் ஹார்மானிக் இதெல்லாம் உங்கள் உயிர் என்றால் தாராளமாக வாங்குங்கள், ஆனால் நல்ல உலோகத்தில் செய்ததாகப் பாருங்கள். மட்டமான நகல்களில் அந்தக் கத்திமுனை மழுங்கிவிடும். அப்புறம் எவ்வளவு பூட்டினாலும் டியூனிங் நிற்காது. பாரைத் தொடாதவருக்கு நிலையான பிரிட்ஜும் பூட்டும் டியூனர்களும் போதும். எனக்கு இன்று அதுவே போதுமாக இருக்கிறது.

ஒரே கிட்டார்ல ஸ்டாண்டர்ட், டிராப் டி, டிராப் பி மூணும் வாசிக்கணும். எது வாங்கலாம்?

முதல் இரண்டுக்கும் நிலையான பிரிட்ஜ் உள்ள எந்த நல்ல கிட்டாரும் சரி. 10-52 செட் போட்டுவிட்டு ஆறாவது கம்பியை மட்டும் ஏற்றி இறக்குங்கள். ஃப்ளாய்ட் ரோஸில் அந்த ஒரு கம்பியை மாற்றினாலே மற்றவை நகரும். காரணம் மேலே சொன்ன தராசு. பின்னால் மரத்துண்டு வைத்து பிரிட்ஜை அடைத்தால் இந்தத் தொல்லை குறையும். மிதக்கும் குணமும் போய்விடும்.

டிராப் பி வேறு உலகம். அதற்கேற்ற கம்பியை ஸ்டாண்டர்டுக்கு முறுக்கினால் நெக் வில்லாகும், விரலும் கதறும். இரண்டாவது கிட்டார் வேண்டும், அல்லது அடுத்த கேள்வி.

அப்போ ஏழு கம்பி வாங்கிடவா?

பி வரை அடிக்கடி போகிறீர்கள், அதே சமயம் மேலே வழக்கமான ஆறு கம்பிகளும் வேண்டும் என்றால் வாங்கலாம். ஏழாவது கம்பியின் பி சுமார் 62 ஹெர்ட்ஸ், ஆறாவதின் ஈ சுமார் 82. ஸ்டீவ் வாயோடு சேர்ந்து ஐபனெஸ் 1990இல் யுனிவர்ஸ் என்ற ஏழு கம்பி கிட்டாரை வெளியிட்டது. சில வருடங்களில் கார்ன் குழு அதே வகையை எடுத்து இன்னும் கீழே இறக்கி வாசித்தபோதுதான் அது மெட்டலின் அன்றாடக் கருவியானது.

சிரமம் இடது கைக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். நெக் அகலம் பழகிவிடும். வாசிக்காத ஏழாவது கம்பி கெயினில் தானாக முனகாமல் வலது உள்ளங்கையால் அடக்கி வைப்பதுதான் பல வாரம் எடுக்கும். பிடித்த பத்துப் பாட்டில் ஒன்றிரண்டுதான் ஏழு கம்பி என்றால் வேண்டாம்.

நெக் மெல்லிசா இருந்தா ஸ்பீடு வருமா?

வேகம் பயிற்சியில் வருவது. கைக்குப் பொருந்தாத நெக் அதைக் கெடுக்கும், அவ்வளவுதான். மிக மெல்லிய நெக்கில் கட்டைவிரல் அடிவாரம் வலிக்கிறது என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரிய கைக்காரர்கள் கொஞ்சம் சதைப்பற்றான நெக்கில் நிம்மதியாக வாசிக்கிறார்கள்.

நெக் தடிமனை விட நான் கவனிப்பது ஃபிங்கர்போர்டின் வளைவு. பழைய ஃபெண்டர் 7.25 அங்குலம், இப்போதைய ஃபெண்டர்கள் பெரும்பாலும் 9.5, கிப்சன் 12. ஜாக்சன் மாடல்கள் பலவற்றில் 12இல் தொடங்கி 16 வரை தட்டையாகிக்கொண்டே போகும். எண் கூடினால் தட்டை. வளைந்த போர்டில் கம்பியைத் தாழ்வாக வைத்து நீளமாக பெண்ட் செய்தால், அது மேட்டில் ஏறி அடுத்த ஃப்ரெட்டில் இடித்துச் செத்துவிடும். முதல் கேள்வியில் சொன்ன "பாதியில் சாவது" பல சமயம் இதுதான். ஜம்போ ஃப்ரெட்டுகள் பெண்டுக்கு நல்லவை. ஆனால் இரும்புப் பிடி பிடிப்பவர்களுக்கு அவற்றில் ஒவ்வொரு சுரமும் சற்று ஏறியே கேட்கும்.

மஹோகனியா பாஸ்வுட்டா? போல்ட்-ஆனா நெக்-த்ரூவா?

அதிகக் கெயினில் மரத்தின் வித்தியாசத்தைக் கண்ணை மூடிக் கண்டுபிடிப்பேன் என்று சொல்பவரோடு நான் வாதாடுவதில்லை. எடையைப் பாருங்கள். நெக் சேரும் இடத்தில் கை மேலே போகத் தடை இருக்கிறதா என்று பாருங்கள். நெக்-த்ரூவில் (நெக்கின் மரமே உடல் வழியாக நீளும் வகை) அந்த இடம் வழவழப்பாக இருக்கும், உடைந்தால் செலவும் வழவழவென்று போகும். போல்ட்-ஆனில் நான்கு திருகைக் கழற்றி நெக்கையே மாற்றிவிடலாம்.

புதுசு எதுக்கு, பழைய கிட்டார்லயே நல்ல பிக்கப் போட்டுக்கலாமா?

நெக்கும் ஃப்ரெட்டும் நன்றாக இருந்தால், தாராளமாக. மூன்று சிங்கிள் காயில் உள்ள கிட்டாரில் மரத்தைக் குடையாமலே, அதே அளவில் செய்த ஹம்பக்கரைப் பொருத்தலாம். அயர்ன் மெய்டனின் டேவ் மர்ரேயின் ஸ்ட்ராட்டில் இருப்பது அந்த வகைதான். ஆக்டிவுக்கு மாறுபவர்கள் வால்யூம், டோன் பாட்களையும் (குமிழ்களுக்கு அடியில் இருக்கும் மின்தடைகள்) மாற்ற வேண்டும். பேசிவ் ஹம்பக்கருக்கு வழக்கமாக 500 கிலோ ஓம், ஆக்டிவுக்கு 25. பேட்டரிக்கு உள்ளே இடமும் வேண்டும்.

நெக் சரியில்லாத கிட்டாரில் விலையுயர்ந்த பிக்கப் போடுவது, ஒழுகுகிற கூரைக்குக் கீழே புது மெத்தை விரிப்பது போல.

செகண்ட் ஹேண்ட்ல வாங்கறேன். எதைப் பார்க்கணும்?

தலைப் பக்கத்திலிருந்து நெக்கின் நீளத்தை ஒரு கண்ணால் பாருங்கள். லேசான வளைவு பரவாயில்லை, முறுக்கிக்கொண்டிருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அமுக்கினால், நடுவில் ஒரு விசிட்டிங் கார்டை விட மெல்லிய இடைவெளி தெரிய வேண்டும். ட்ரஸ் ராட் (நெக் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் உலோகத் தண்டு) இரண்டு பக்கமும் திரும்புகிறதா என்று விற்பவரையே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். சாய்வான தலை உள்ள கிட்டார்களில் நட்டுக்குப் பின்புறம் விரல் நகத்தால் வருடுங்கள். ஒட்டிய விரிசல் கண்ணில் படாவிட்டாலும் நகத்தில் தட்டும்.

பிறகு ஆம்பில் செருகாமலே எல்லா ஃப்ரெட்டிலும் ஒவ்வொரு சுரமாக வாசியுங்கள். கெயின் பல பாவங்களை மறைத்துவிடும். செருகாத கிட்டாரிடம் அந்த வேலை நடக்காது. ஃப்ளாய்ட் ரோஸ் என்றால் பாரை முழுக்க அமுக்கிவிட்டு, சுரம் காட்டும் டியூனர் கருவியில் பாருங்கள், மேலே இழுத்துவிட்டும் பாருங்கள். இரண்டு முறையும் ஒரே இடத்துக்குத் திரும்பாவிட்டால் கத்திமுனை போயிருக்கலாம்.

எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து செருகினா தேனீக் கூட்டம் மாதிரி இரையுது!

கெயின் குமிழ் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அநேகமாகக் கடைசியில் இருக்கும். பாதிக்குக் கொண்டுவாருங்கள். அடுத்து, பூஜ்யத்தில் இருக்கும் மிட் (நடு அலைவரிசை) குமிழை மேலே ஏற்றுங்கள். தனியாக வாசிக்கும்போது மிட் இல்லாத ஒலி பிரமாதமாக இருக்கும். பேஸும் ட்ரம்ஸும் சேர்ந்ததும் காணாமல் போய்விடும். அப்படியும் இரைந்தால் நாய்ஸ் கேட் (வாசிக்காதபோது இரைச்சலை அடைக்கும் கருவி), ஆனால் சுரம் முடியுமுன் கழுத்தை நெரிக்காத அளவுக்கு.

இன்னும் இரைகிறதா? ஆக்டிவ் பிக்கப் என்றால் ஒலி கரகரத்து மெலிகிறதா என்று கேளுங்கள். போன வாரம் இப்படித்தான் ஒருவர் கிட்டாரைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டார். கேபிள் நாலு நாளாகச் செருகியே இருந்திருக்கிறது. புது 9 வோல்ட் பேட்டரி போட்டோம், அதே கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.